ஜான் மெக்லாக்லினை எந்த வரிசையில் கேட்பது? தாளத்தைப் பிடித்துக்கொண்டு நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலேய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் முதல் ஆல்பம் 1969இல் லண்டனில் பதிவானது. இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து அமைத்த சக்தி குழுவோடு அவர் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' 2023இல் வந்தது. இடையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், மெக்லாக்லினின் மின்கிட்டார் குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, சக்தி, மூன்று கிட்டார் கூட்டணி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் பதிவுகள்.

சில ஆண்டுகளாக நண்பர்கள் ஏழெட்டுப் பேருக்கு இவற்றை அறிமுகப்படுத்தி வருகிறேன். ஆரம்பத்தில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். நான் கொடுத்த வரிசைதான் காரணம். வருட வரிசையில் கொடுத்தவர் இரண்டாவது ஆல்பத்தில் நின்றார். 'மிகச் சிறந்தது' என்று மகாவிஷ்ணுவை முதலில் கொடுத்தவர் மூன்றாவது நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். சக்தியை மட்டும் கேட்டவர் அங்கேயே தங்கிவிட்டார், மற்ற கதவுகளைத் திறக்கவே இல்லை.

இப்போது நான் கொடுக்கும் வரிசை வேறு. கிட்டாரைப் பின்தொடர வேண்டாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாளக்காரரைப் பின்தொடருங்கள். மெக்லாக்லினின் வாசிப்பு யாரோடு வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து அடியோடு மாறும். டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், பில்லி காபம், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம் என்று ஆள் ஆளாகப் போனால் சிதறிக் கிடக்கும் பதிவுகள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல ஹெட்போன் ஒன்று. விலை உயர்ந்தது தேவையில்லை, இடமும் வலமும் தெளிவாகப் பிரிந்து கேட்டால் போதும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் இந்த இசையைக் கேட்காதீர்கள். பேஸ் கிட்டார் காணாமல் போகும். பேஸ் போய்விட்டால் எண்ணிக்கையைப் பிடிக்க வழியில்லை.

ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம். பல உருப்படிகள் 18 நிமிடம், 27 நிமிடம் என்று ஓடும். பேருந்தில் ஐந்து நிமிடம், சமையலறையில் ஐந்து நிமிடம் என்று பிய்த்துக் கேட்டால் அவை கட்டி எழுப்பும் எதுவும் காதில் நிற்காது. வாரத்துக்கு இரண்டு முறை நேரம் ஒதுக்கினாலே போதும்.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 1971ஆம் ஆண்டின் மின்கிட்டார் இரைச்சலுக்கு அடுத்து 1993ஆம் ஆண்டின் மென்மையான கிட்டார் மெட்டு ஒன்று வந்து விழுந்தால் இரண்டுமே கெடும்.

அப்புறம் ஒரு நோட்டு. ஒவ்வொரு உருப்படிக்கும் மூன்றே குறிப்பு: டிரம்ஸ் அல்லது தாள வாத்தியம் யார், ஒரு தாளச் சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை, கிட்டார் முதலில் நுழையும் நிமிடம். இந்த மூன்றையும் எழுத முடியாத உருப்படியை இன்னொரு முறை கேளுங்கள்.

2. பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்

இசைச் செயலியில் அவர் பெயரை மட்டும் தேடினால் பாதிப் பதிவுகள் வராது. அவருடைய முக்கியமான வாசிப்பில் பெரும்பகுதி வேறு பெயர்களின் கீழே இருக்கிறது. மைல்ஸ் டேவிஸ், டோனி வில்லியம்ஸ் லைஃப்டைம், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, சக்தி, ரிமெம்பர் சக்தி, ஃபோர்த் டைமென்ஷன் என்று தனித்தனியாகத் தேடி ஒரு பட்டியலில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

'மகாவிஷ்ணு' என்பது குரு ஸ்ரீ சின்மாய் அவருக்குக் கொடுத்த பெயர். அதனால் 1970களின் சில அட்டைகளில் மகாவிஷ்ணு ஜான் மெக்லாக்லின் என்றே இருக்கும். ஆள் ஒருவர்தான்.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் இருந்த குழு ஒன்றல்ல. முதல் குழு 1971 முதல் 1973 முடிய: டிரம்ஸ் பில்லி காபம், வயலின் ஜெர்ரி குட்மன், கீபோர்டு யான் ஹாமர், பேஸ் ரிக் லேர்ட். இரண்டாவது குழு 1974இல் தொடங்கியது, அதில் வயலின் ழான் லூக் போன்ட்டி, டிரம்ஸ் நாரதா மைக்கேல் வால்டன். 1984இல் அதே பெயரை ஒட்டி இன்னொரு குழுவும் வந்தது. மகாவிஷ்ணு என்று சும்மா தேடி 1984 பதிவில் போய் விழுந்து, 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று கேட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் இடறும் இடம் சக்தி. 1975இல் வயலின் வாசித்தவர் எல். சங்கர். பிற்காலக் குழுவில் பாடுபவர் சங்கர் மகாதேவன். 1970களில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம், பின்னால் கஞ்சிரா வாசிப்பவர் அவர் மகன் செல்வகணேஷ். 2023 ஆல்பத்தில் வயலின் வாசிப்பவர் கணேஷ் ராஜகோபாலன். இந்த ஐந்து பெயர்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் பின்னால் குழம்ப மாட்டீர்கள்.

3. எண்ணிக்கையைக் கையில் பிடியுங்கள்

ஒரு பதிவையும் கேட்பதற்கு முன் இரண்டு நாள் இதற்குக் கொடுங்கள். பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். தாண்டியவர்கள்தான் பிறகு 'எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கிறது' என்கிறார்கள்.

கர்நாடக சங்கீதச் சொற்கட்டுகள் இங்கே அப்படியே உதவும். தக என்றால் 2, தகிட 3, தகதிமி 4, தகதகிட 5, தகிட தகதிமி 7, தகதிமி தகதகிட 9. வாயால் சொல்லிக்கொண்டே முதல் எழுத்துக்கு மட்டும் கையைத் தட்டுங்கள். 5, 7, 9 மூன்றும் தடுமாறாமல் ஒரு நிமிடம் ஓட வேண்டும். வேகம் தேவையில்லை.

இது நான் வலிந்து கொண்டுவந்த ஒப்புமை இல்லை. மெக்லாக்லினே கொன்னக்கோல், அதாவது சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கலை, கற்றவர், மேடையில் சொல்பவர். செல்வகணேஷோடு சேர்ந்து 'தி கேட்வே டு ரிதம்' என்று கொன்னக்கோல் பாட டிவிடி ஒன்றும் வெளியிட்டிருக்கிறார். மேற்கத்திய வாத்தியம் வாசிப்பவர்கள்கூட முதலில் வாயால் சொல்லிப் பழக வேண்டும் என்பது அவருடைய உறுதியான நிலை.

வழக்கமான தவறு ஒன்று. மெட்டில் எத்தனை சுரம் வருகிறது என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். சுரங்கள் நெருங்கும், விலகும், அதை வைத்து எண்ணினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விடை வரும். டிரம்ஸின் கனமான அடி எங்கே திரும்ப விழுகிறது என்று பாருங்கள். அங்கிருந்து அங்கே ஒரு சுற்று.

4. முதல் வாசல்: சக்தி, 1975

இப்போது கேட்கலாம். முதல் உருப்படி 'லோட்டஸ் ஃபீட்'. 'சக்தி வித் ஜான் மெக்லாக்லின்' ஆல்பத்தில் இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு இது. 1976இல் வெளிவந்தது.

ஏன் இதில் தொடங்க வேண்டும்? வேகம் இல்லை. மெட்டு சின்னது, ஒரு முறை கேட்டால் முணுமுணுத்துவிடலாம். வயலினும் கிட்டாரும் அதைக் கைமாற்றிக்கொள்கின்றன. மெக்லாக்லினின் ஒலி எப்படி இருக்கும் என்று தனியாகத் தெரிந்துகொள்ள இதைவிட அமைதியான இடம் கிடையாது. இரண்டு முறை கேளுங்கள். இரண்டாவது முறை கிட்டார் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியை மட்டும் கவனியுங்கள். தாவாது, இழைந்து போகும்.

அந்த இழைவுக்குக் கருவியிலேயே காரணம் உண்டு. சக்திக்காக ஏபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்து கொடுத்த கிப்சன் கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்துப் பலகையில் பதித்த உலோகக் கம்பிகள்) நடுவே பலகை குழிவாகக் குடையப்பட்டிருந்தது. விரல் மரத்தில் உரசாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் முடியும். வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் உலோக மெட்டுகள் தரும் வசதி இதுதான். போதாததற்கு ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள், சுருதிக்காகவும் மீட்டி விடுவதற்காகவும். இதற்கு முன்பே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை கற்றிருந்தார். கமகம் அவருக்குக் காதால் மட்டும் வந்ததில்லை.

அடுத்தது அதே ஆல்பத்தின் முதல் உருப்படி 'ஜாய்'. 18 நிமிடம். எடுத்த எடுப்பிலேயே வேகம். இங்கே கிட்டாரையும் வயலினையும் விட்டுவிட்டு முழுக்கத் தாளத்தைக் கேளுங்கள்: ஜாகிர் உசேனின் தபலா, விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம். வடக்கும் தெற்கும் ஒரே மேடையில். மிருதங்கம் இந்த முதல் ஆல்பத்தில் மட்டும்தான், அடுத்தவற்றில் இல்லை. தாளக்காரர்கள் தனித்து வாசிக்கும் பகுதி வரும்போது நம் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்கள் தானாகத் தலையாட்டுவார்கள்.

மூன்றாவது உருப்படி 29 நிமிடம். அதை இப்போது தொடாதீர்கள். அதற்குப் பதில் அடுத்த ஆல்பமான 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யின் முதல் உருப்படி 'லா டான்ஸ் டு போனர்' கேளுங்கள். வாயால் சொல்லும் சொற்கட்டுகளில்தான் தொடங்குகிறது. மூன்றாவது படியில் நீங்கள் செய்த பயிற்சி எதற்காக என்று சில நொடிகளில் விளங்கும்.

இந்தப் படியில் நம்மவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரியானது. என்ன ராகம், ஆரோகணத்தில் இந்தச் சுரம் வரலாமா என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். வயலின் ராகத்துக்குள் நிற்கும்போதே கிட்டார் ஜாஸ் ஸ்வரக்கூட்டுகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். இலக்கணப் பிழை தேடினால் கிடைக்கும். ஆனால் நான்கைந்து பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு வாசிக்கும் அந்த உரையாடல் கை நழுவிப் போகும். ராகத்தைப் பத்தாவது முறை கேட்கும்போது தேடிக்கொள்ளலாம்.

5. மைல்ஸ் டேவிஸ் பதிவுகள்: குறைவாக வாசிப்பதைக் கேட்பது

சக்தியிலிருந்து நேரே மகாவிஷ்ணுவுக்குத் தாவ வேண்டாம். நடுவில் ஒரு படி வேண்டும். 1969க்குப் போங்கள்.

மெக்லாக்லின் 1942இல் இங்கிலாந்தின் டான்காஸ்டர் பகுதியில் பிறந்தவர். லண்டனில் பல குழுக்களில் வாசித்துவிட்டு, 1969 பிப்ரவரியில் டோனி வில்லியம்ஸின் அழைப்பில் அமெரிக்கா போனார். போன சில நாட்களிலேயே, பிப்ரவரி 18 அன்று, மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' பதிவில் உட்கார்ந்திருந்தார். கிட்டார் வாசிக்கத் தெரியாதவனைப் போல வாசி என்று மைல்ஸ் சொன்னதாக அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆல்பத்தில் இரண்டே உருப்படிகள். இரண்டாவதை முதலில் கேளுங்கள். அதன் தொடக்கத்தில் கிட்டார் மெட்டைத் தனியாக, தயங்கித் தயங்கி எடுக்கும். அந்தத் தயக்கம்தான் மைல்ஸ் கேட்டது. அதே பகுதி உருப்படியின் முடிவிலும் அப்படியே வரும். திரும்ப வாசித்ததில்லை, தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவை வெட்டி ஒட்டிச் சேர்த்தது. இது தெரியாவிட்டால் 'எப்படி அச்சு மாறாமல் வாசித்தார்' என்று வியந்துகொண்டிருப்போம்.

முதல் உருப்படியில் டோனி வில்லியம்ஸ் பெரும்பாலும் டிரம்ஸின் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டை மட்டுமே ஒரே சீராகத் தட்டுகிறார். கடியார முள் மாதிரி. உலகின் மிக வேகமான டிரம்மர்களில் ஒருவர் 18 நிமிடம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே கிட்டார் சின்னச் சின்னத் துணுக்குகளாகப் பேசுவதற்கு அந்தச் சீர்தான் இடம் கொடுக்கிறது.

அடுத்தது 'எ ட்ரிப்யூட் டு ஜாக் ஜான்சன்' ஆல்பத்தின் 'ரைட் ஆஃப்'. 1970 ஏப்ரல் 7 அன்று பதிவானது. என் கணக்கில் மெக்லாக்லினின் மின்கிட்டாருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

முதல் இரண்டு நிமிடம் மட்டும் நான்கைந்து முறை கேளுங்கள். மைல்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பேசிக்கொண்டிருக்க, காத்திருந்த மெக்லாக்லின் 'இ' (E) சுருதியில் ஒரு துள்ளல் நடையை வெட்டி வெட்டி எடுக்கிறார். பில்லி காபம் சேர்ந்துகொள்கிறார், பேஸில் மைக்கேல் ஹெண்டர்சன். இரண்டு நிமிடம் தாண்டியதும் கிட்டார் குரலைத் தணித்து 'பி ஃப்ளாட்' (B♭) சுருதிக்கு மாறுகிறது. ஹெண்டர்சன் அதைக் கவனிக்காமல் 'இ'யிலேயே நிற்கிறார். இரண்டும் ஒட்டவே ஒட்டாத சுருதிகள். சரியாக அந்த உரசலின் நடுவில் மைல்ஸின் டிரம்பெட் நுழைகிறது. பேஸ் மெல்ல வந்து சேர்கிறது. பிழை திருத்தாமல் அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது, அந்த நொடிதான் உருப்படிக்கே உயிர்.

'பிட்சஸ் ப்ரூ'வை இப்போது கேட்க வேண்டியதில்லை. அதில் 'ஜான் மெக்லாக்லின்' என்றே பெயரிட்ட நாலு நிமிட உருப்படி ஒன்று இருக்கிறது, மைல்ஸ் அதில் வாசிக்கவில்லை. அதை மட்டும் எடுத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

6. இணைப்புப் பாலம்: 'மை கோல்ஸ் பியாண்ட்'

1971இல் வந்த இந்த ஆல்பத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். ஒரு பக்கம் முழுக்க மின்சாரம் இல்லாத கிட்டார் மட்டும். மறுபக்கம் பாதல் ராயின் தபலா, சார்லி ஹேடனின் பேஸ், பில்லி காபம், ஜெர்ரி குட்மன். பின்னால் மகாவிஷ்ணுவில் வெடிக்கப்போகும் அதே காபமும் குட்மனும் இங்கே தணிந்த குரலில் பேசுகிறார்கள். பின்னால் சக்தியாக வரப்போவதும் இங்கே முளை விட்டிருக்கிறது. ஒரு மாலை இதற்குக் கொடுங்கள்.

7. இப்போதுதான் மகாவிஷ்ணு

'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்', 1971. முதல் முறை கேட்கும்போது மட்டும் ஆல்பத்தின் வரிசையை மீறுங்கள்.

அ. முதலில் 'யூ நோ யூ நோ'. மெதுவான ஒரு கிட்டார் வட்டம் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. காபம் அதன் இடைவெளிகளில் மட்டும் நுழைந்து நிரப்பிவிட்டு வெளியேறுகிறார். எங்கே அடிப்பார் என்று ஊகித்துப் பாருங்கள், ஊகம் தவறும். தவறும் ஒவ்வொரு முறையும் அவருடைய காதைப் பற்றி ஒன்று கற்றுக்கொள்வீர்கள்.

ஆ. அடுத்து 'எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்'. டிரம்ஸே இல்லை. தாளக்காரர் எழுந்து போனதும் மற்றவர்கள் எப்படி மிதக்கிறார்கள் என்று கேட்கத்தான் இது இரண்டாவது.

இ. பிறகு 'தி டான்ஸ் ஆஃப் மாயா'. தொடக்கத்தில் கிட்டார் வட்டம் 10 எண்ணிக்கை. இரண்டு தகதகிட போட்டுக்கொண்டே போங்கள். பாதியில் ப்ளூஸ் மாதிரி ஒரு நடை வந்து குழப்பும். எண்ணிக்கையை விடாமல் பிடித்திருந்தால் அது 20, அதாவது இரண்டு பத்து என்று தெரியும். முடிவில் முதல் வட்டமும் ப்ளூஸ் நடையும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். எண்ணாதவருக்கு அது குழப்பம். எண்ணியவருக்கு இரண்டு சக்கரங்களின் பல்லும் பொருந்தும் நொடி.

ஈ. 'வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' டிரம்ஸில் தொடங்கும், 9 எண்ணிக்கை. இதற்கு அப்புறம் முதலிலிருந்து முழு ஆல்பத்தையும் கேளுங்கள்.

அடுத்து 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்', 1973. இதை வரிசைப்படியே கேட்கலாம். இங்கே வரும் புதிய சிக்கல், எது கிட்டார், எது வயலின், எது மூக் (Moog) சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு என்று பிரிக்க முடியாமல் போவது. மூன்றும் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பாயும். நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது: சுரம் பிறக்கும் நொடியைக் கேளுங்கள். மெக்லாக்லின் பெரும்பாலும் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் தட்டுபவர். அதனால் கிட்டார் சுரத்தின் தலையில் 'டக்' என்று ஒரு விளிம்பு இருக்கும். வயலினில் அந்த விளிம்பு கிடையாது, வில் வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். யான் ஹாமரின் மூக் சுரம் பிறந்த பிறகு வளையும். 'ஒன் வேர்ட்' உருப்படியில் மூவரும் மாறி மாறிக் கேள்வி பதிலாக வாசிக்கும் இடத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் காது பிரித்துவிடும்.

முதல் குழு 1973இன் கடைசியில் உடைந்தது. அந்த ஆண்டு லண்டன் டிரைடன்ட் ஸ்டுடியோவில் பதிவாகி, வெளிவராமல் கிடந்த பதிவு 'தி லாஸ்ட் டிரைடன்ட் செஷன்ஸ்' என்று 1999இல் வந்தது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குழுவில் 'அபோகலிப்ஸ்' (1974) ஒன்று போதும். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு, ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பில் எடுத்தது. பெரிய முயற்சி. காபம் இல்லாத இடம் எனக்கு அதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

8. கடினமானதை இங்கே வையுங்கள்: 'எமர்ஜென்சி!'

டோனி வில்லியம்ஸ் லைஃப்டைம், 1969. கிட்டார், டிரம்ஸ், லாரி யங்கின் ஆர்கன், மூன்றே பேர். காலவரிசையில் கேட்பவர்கள் இதை இரண்டாவதாகச் சந்தித்து நின்றுவிடுகிறார்கள்.

பதிவின் தரம் மோசம். ஒலி உடைந்து கரகரக்கும். உங்கள் ஹெட்போனில் கோளாறு இல்லை, மூலப்பதிவே அப்படித்தான். சத்தத்தைக் கூட்டாமல் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்துக் கேளுங்கள், கரகரப்புக்கு அடியில் இருக்கும் டிரம்ஸ் தெளியும். 'இன் எ சைலன்ட் வே'யில் ஹை-ஹாட்டை மட்டும் தட்டிக்கொண்டிருந்த அதே டோனி, மூன்று மாதம் கழித்து இங்கே கட்டவிழ்ந்து வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் கேட்டால்தான் அவர் எதை அடக்கி வைத்திருந்தார் என்பது புரியும்.

இதோடு சேர்த்து, லண்டனில் எடுத்த முதல் ஆல்பம் 'எக்ஸ்ட்ராபொலேஷன்'. டிரம்ஸ் டோனி ஆக்ஸ்லி, சாக்ஸபோன் ஜான் சர்மன். அதில் வரும் 'ஆர்யென்ஸ் பேக்' மெட்டுதான் பிறகு 'மை கோல்ஸ் பியாண்ட்'இல் 'ஃபாலோ யுவர் ஹார்ட்' என்று திரும்ப வருகிறது. ஆறாவது படியில் அதைக் கேட்டிருப்பதால் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

9. தாளக்காரரே இல்லாத மேடை: மூன்று கிட்டார்கள்

'ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ', 1980 டிசம்பர் 5 அன்று வார்ஃபீல்டு அரங்கில். பாக்கோ டி லூசியா, அல் டி மியோலா, மெக்லாக்லின். டிரம்ஸ் இல்லை, கிட்டார் வலக்கைகளே தாளம்.

இதில் ஒரு தவறு கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது. முதல் உருப்படியான 'மெடிட்டரேனியன் சன்டான்ஸ்' உலகப் புகழ் பெற்றது. அதைக் கேட்டுவிட்டு மெக்லாக்லினின் வேகத்தைப் புகழ்வார்கள். அதில் அவர் வாசிக்கவே இல்லை, அது பாக்கோவும் டி மியோலாவும் மட்டும். மெக்லாக்லினைக் கேட்க 'ஷார்ட் டேல்ஸ் ஆஃப் தி பிளாக் ஃபாரஸ்ட்'க்கும் 'ஃப்ரெவோ ரஸ்காடோ'வுக்கும் போங்கள். மூவரும் சேரும் 'ஃபேண்டசியா ஸூட்'டில் பாக்கோ இடப்பக்கம், டி மியோலா வலப்பக்கம், மெக்லாக்லின் நடுவில். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, கிட்டார் வாசிப்பவர்களுக்கு. இந்த ஆல்பத்தின் ஓட்டங்களை எழுதி வைத்துக்கொண்டு வேகப் பயிற்சியில் இறங்குகிறார்கள், மணிக்கட்டு வலியோடு நிறுத்துகிறார்கள். ஓட்டத்தைப் பாதி வேகத்தில் வாயால் சொற்கட்டாகச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் அழுத்தம் விழுகிறது என்று தெரிந்த பிறகு கிட்டாரை எடுங்கள். அழுத்தம் சரியாக விழுந்தால் பாதி வேகத்திலும் அவர் வாசிப்பு மாதிரியே கேட்கும். அழுத்தம் தப்பினால் முழு வேகத்திலும் கேட்காது.

10. பிற்காலத்தில் எதை எடுப்பது

எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. தாளக்காரர் திரிலோக் குர்துவோடு 'லைவ் அட் தி ராயல் ஃபெஸ்டிவல் ஹால்' (1989 கச்சேரி). சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் டிரம்மராக இருந்த எல்வின் ஜோன்ஸோடு 'ஆஃப்டர் தி ரெயின்' (1995). கோல்ட்ரேனை இளவயதிலிருந்து போற்றிய மெக்லாக்லின் அவருடைய தாளக்காரரோடு உட்காரும்போது எவ்வளவு பணிந்து வாசிக்கிறார் என்று கேளுங்கள்.

ரிமெம்பர் சக்தியில் 'தி பிலீவர்' (2000) அவசியம். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும் செல்வகணேஷும் இருக்கும் குழு. இரண்டும் மின்தந்தி வாத்தியங்கள் என்பதால் மாண்டலினையும் கிட்டாரையும் குழப்பிக்கொள்வார்கள். மேல் ஸ்தாயியில் கமகம் நீண்டு அசைந்தால் அது பெரும்பாலும் ஸ்ரீநிவாஸ். 2014இல் 45 வயதில் அவர் மறைந்த பிறகு அந்தக் கமகத்தை வேறு எவரும் அங்கே நிரப்பவில்லை. சென்னையில் பதிவான 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' (2008) ஆல்பத்தில் அவர் தம்பி யு. ராஜேஷின் மாண்டலினைக் கேட்கலாம்.

11. ஒரே மெட்டு, வேறு வேறு கைகள்

இந்தப் படியைக் கடைசியில்தான் செய்ய முடியும், மேலே சொன்ன தாளக்காரர்கள் எல்லோரும் காதில் இருந்தால்தான் இது பலன் தரும்.

'மைல்ஸ் பியாண்ட்' மெட்டை 1973இன் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'இல் காபமோடு கேளுங்கள். உடனே 2017இல் வந்த 'லைவ் அட் ரானி ஸ்காட்ஸ்'இல் டிரம்மர் ரஞ்சித் பரோட்டோடு கேளுங்கள். இந்த இரண்டாவது வாசிப்புக்குத்தான் சிறந்த ஜாஸ் தனி வாசிப்புக்கான கிராமி 2018இல் கிடைத்தது. வாசித்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

பிறகு 'லோட்டஸ் ஃபீட்'. 1975 சக்தி, 1976இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்', 1999இல் வந்த 'ரிமெம்பர் சக்தி'. மூன்றாவதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். நோட்டில் மூன்று பத்தி போட்டு, மெட்டு எங்கே நீள்கிறது, யார் யாருக்கு வழிவிடுகிறார் என்று எழுதுங்கள்.

அதற்குப் பிறகு 'திஸ் மொமென்ட்'. 2024இல் சிறந்த உலக இசை ஆல்பத்துக்கான கிராமி பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் காலமானார். 1975இல் லாங் ஐலண்டில் அந்தத் தபலாவைக் கேட்டுவிட்டு இந்த ஆல்பத்துக்கு வந்தால், ஐம்பது ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் அடுத்து எங்கே அடிப்பார் என்று கிட்டார் முன்கூட்டியே அறிந்து காத்திருப்பது கேட்கும். நான்காவது படியில் தள்ளி வைத்தோமே, அந்த 29 நிமிட உருப்படி, அதை இன்றிரவு போடுங்கள்.